கிண்டிலில் தமிழ்க் கதை போட்டால் கைச்செலவுக்குக் காசு வருமா?

படிக்கும்போதே எழுதிச் சம்பாதிக்கலாம் என்று சொல்லும் இடங்களில் எனக்கு ஓரளவு ஒத்துவந்தது அமேசானின் கே.டி.பி.தான், அதாவது நம் கதையை நாமே கிண்டில் மின்னூலாகப் போட்டு விற்கும் தளம். கட்டணம் கிடையாது, யாரையும் கெஞ்ச வேண்டாம், 18 வயது ஆகியிருந்தால் போதும். அதற்கு முன்னால் ஒரு கன்டென்ட் ஏஜென்சிக்கு எழுதினேன், பெயர் வேண்டாம், 'சாம்பிள்' என்று கட்டுரையை வாங்கிக்கொண்டு அப்புறம் போனையே எடுக்கவில்லை. பதிவுக் கட்டணம் கேட்கும் ஆட்கள் தனி ரகம், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

கணக்குத் தொடங்க வங்கி விவரமும் பான் எண்ணும் கையில் இருக்கட்டும், அமெரிக்க வரி பற்றிய கேள்விகளைப் பார்த்து பயப்பட வேண்டாம், நிதானமாகப் படித்தால் முடிந்துவிடும். கதையை யூனிகோடில் தட்டி வேர்ட் கோப்பாகவே ஏற்றலாம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் முதலில் மாற்றியாக வேண்டும், மாற்றியபின் ஒற்றெழுத்தும் கொம்பும் இடம்மாறி நிற்கின்றனவா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும், எனக்கு எழுதியதைவிட இந்த வேலைதான் அலுப்பாக இருந்தது. முன்னோட்டத்தில் போன் அளவுத் திரையையும் ஒருமுறை பாருங்கள், அத்தியாயத் தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாகத் தொங்கும்.

சரி, காசுக்கு வருவோம். ராயல்டி, அதாவது விற்கிற விலையில் நமக்கு வரும் பங்கு, 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், அதாவது 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவில் போட்ட அத்தியாயங்களையும் எடுத்துவிட வேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்று, 70 சதவீதத்தில் கோப்பின் அளவுக்கு எம்.பி.க்கு 7 ரூபாய் வீதம் டெலிவரி செலவு என்று பிடிப்பார்கள். வெறும் எழுத்துள்ள கதைக்கு அது சில்லறைதான். ஆனால் பயணக் கட்டுரை, சமையல் குறிப்பு என்று படங்களை அள்ளிப் போட்டால் விற்கிற விலையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

செலக்டில் சேர்த்த நூலை கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் இருப்பவர்கள் படித்தால் பக்கக் கணக்கில் தருவார்கள், விகிதம் மாதாமாதம் மாறும், எல்லாம் பைசாக் கணக்குதான். நூறு ரூபாய் கொடுத்து முகம் தெரியாத மாணவனின் கதையை வாங்குவதைவிட சந்தாவில் புரட்டிப் பார்ப்பவர்களே அதிகம் என்பதால் எனக்கு வந்ததில் முக்கால்வாசி இந்த வழியில்தான். அதனால் ஒற்றைச் சிறுகதையைப் போட்டுவிட்டு உட்காராதீர்கள், நீளமான குடும்பக் கதையோ துப்பறியும் தொடரோ கைவந்தால் அதை எழுதுங்கள், முதல் பாகம் பிடித்தவர் அடுத்ததைத் தேடி வருவார்.

பணம் வரத்தான் பொறுமை வேண்டும். ஜூனில் விற்றதற்கு ஆகஸ்ட் கடைசியில்தான் வங்கிக்கு வரும். செமஸ்டர் கட்டணத்துக்கு இதை நம்பினால் அம்போதான். மாதாமாதம் நிச்சயமாகக் காசு வேண்டும் என்பவர்களுக்கு டியூஷனே மேல். எழுதிய கதைகள் ஏற்கெனவே லேப்டாப்பில் தூங்குகின்றன என்பவர்களுக்கு மட்டும் இந்த வழிக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன்.

சேர்ந்ததும் செலக்ட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இணைய இதழில் கதையைக் கேட்கும்போது அடுத்த 90 நாள் ஓடிக்கொண்டிருக்கும்.