சிங்கப்பூர் டூருக்குப் பணம் கட்டப்போகும் நெல்லைக்காரர்கள் கவனத்துக்கு

பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு டிராவல்ஸ்காரர்கள் எங்கள் ஆச்சியிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். என் சித்தப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். மகன் பாடுபட்ட ஊரை உயரத்தில் நின்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்பது ஆச்சியின் நெடுநாள் ஆசை. மெரினா பே சாண்ட்ஸ் என்ற உயரமான ஹோட்டல் கட்டடத்தின் மேல்தளத்துக்குக் கூட்டிப்போவீர்களா என்று கேட்டு, "கட்டாயம்" என்று அவர்கள் சொன்ன பிறகே பணம் கட்டினோம். அதற்கென்று ஆளுக்குத் தனித் தொகையும் வாங்கினார்கள். ரசீதில் "கூடுதல் கட்டணம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

உச்சிவெயிலில் அந்தக் கட்டடத்தை ஒட்டிய கடை வளாகத்தில் எங்களை இறக்கிவிட்டார்கள். மேலே எப்போது போகிறோம் என்று கேட்டதற்கு, "இதுதானே ஆச்சி மெரினா பே சாண்ட்ஸ், உள்ளேதானே நிற்கிறீர்கள்" என்றார் வழிகாட்டி. விடாமல் கேட்டதும், இன்று மேல்தளம் மூடியிருக்கிறது என்றார். நானே டிக்கெட் கவுன்ட்டரில் போய் விசாரித்தேன். திறந்துதான் இருந்தது! திரும்பி வந்தால், அடுத்த கடைக்குப் புறப்பட ஆள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். முட்டி வலியோடு அவ்வளவு தூரம் வந்த வயதானவரிடம் இப்படி வாய் கூசாமல் பொய் சொல்வதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

2010இல் திறந்த கட்டடம் அது. மூன்று கோபுரங்களின் தலைமேல், ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் மேல்தளம் இருக்கிறது. ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் கடலில் நிற்கும் கப்பல்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. ஆறு மணி சுமாருக்கு ஏறிவிட்டால் பகல் வெளிச்சம், அந்தி, விளக்கு ஏற்றிய நகரம் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். ஆகவே மேல்தள டிக்கெட் தொகையில் சேர்ந்ததா, எத்தனை மணிக்கு ஏற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளில் போடுகிறார்களே அந்த நீச்சல் குளம், அது ஹோட்டலில் தங்குபவர்களுக்கு மட்டும்தான். அந்தப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பணமே இல்லாமல் பார்க்கவும் இடங்கள் உண்டு. மூன்று கோபுரங்களும் சேர்ந்து தெரிய வேண்டுமானால் எதிர்க்கரையில், சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை அருகே நிற்க வேண்டும். மெரினா பராஜ் அணையின் புல்வெளிக் கூரைக்கும் கட்டணம் இல்லை. அன்று மாலை டாக்சி பிடித்து ஆச்சியை அங்கேதான் கூட்டிப்போனேன். சித்தப்பா வேலை பார்த்த இடம் எந்தத் திசை என்று ஒவ்வொரு கட்டடமாகக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். டக்ஸ்டன் என்ற பகுதியில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் 50ஆவது மாடியில், கட்டடங்களை இணைக்கும் வான்பாலம் இருக்கிறது. சில டாலர்தான் கட்டணம், லிஃப்டிலேயே போகலாம்.

ஊர் திரும்பியதும் டிராவல்ஸ்காரர்களிடம் கேட்டால், அந்தக் கூடுதல் கட்டணம் "இதர செலவு" என்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். இதேபோல் "கூடுதல் கட்டணம்" ரசீது யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசுங்கள்.