ஜங்ஷன் பக்கம் வாட்ச் ரிப்பேர் வகுப்பு: மூன்று மாதம் போய் வந்தேன்

குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், கீழே கடை, மாடியில் வகுப்பு. மூன்று மாதம், ஆறு பேர், 12,000 ரூபாய்.

முதல் இரண்டு வாரம் வாட்சைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஒரு டப்பா பழைய ஸ்க்ரூ, ஒரு ட்வீசர், ஒரு கண் லென்ஸ், இங்கிருந்து எடுத்து அங்கே வை, அவ்வளவுதான். இதற்கா காசு கட்டினோம் என்று எரிச்சலாக வந்தது. அப்புறம் சாவி கொடுக்கும் எச்எம்டி ஜனதா ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் அச்சு முனை கிட்டத்தட்ட தலைமுடி கனம்தான், ட்வீசர் லேசாகப் பிசகினாலும் அந்த வீலோடு சேர்ந்த மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் கோணிவிடும், அதை நிமிர்த்துவதற்குள் பொழுது போய்விடும். டப்பா ஸ்க்ரூவின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொல்லிக் கொடுக்கும் அண்ணாச்சியின் கை அப்படி ஒரு கை. சாவி கொடுத்து மெயின் ஸ்பிரிங்கில் ஏற்றிய முறுக்கை இறக்காமலே, சக்கரங்களைப் பிடித்துப் பிடித்து விடும் பேலட்டை நான் கழற்றிவிட்டேன். சர்ரென்று சக்கரமெல்லாம் சுற்றி ஒரு முனை ஒடிந்தது. திட்டவில்லை. முழுசாகச் சாவி கொடுத்த இன்னொரு மெஷினை முன்னால் வைத்து, "ஏலே, இத பத்து தடவ இறக்கு, பெறவு சாப்பிடப் போ" என்றார். இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

பழகுவதற்கு எச்எம்டியை வைத்தது சரியான தேர்வு. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கினார்கள், 2016இல் வாட்ச் பிரிவை மூட முடிவெடுத்துவிட்டார்கள், ஆனாலும் பழைய மெஷின்கள் இன்னும் கிடைக்கின்றன, ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம்.

சரி, குறைக்கு வருவோம். ஜனதா மணிக்கு 18,000 தடவை, அதாவது நொடிக்கு ஐந்து தடவை அடிக்கும். அதை அண்ணாச்சி காதை வைத்தே கணிப்பார். ஓட்டத்தை அளக்கும் டைம்கிராபர் அங்கேயே துணி மூடிக் கிடக்கிறது, நச்சரித்தால்தான் எடுப்பார். அவர் 'நல்லா ஓடுது' என்ற என் வாட்சை அதில் வைத்தால் கன்னாபின்னாவென்று வேகம். ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறி, சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

அதைவிடப் பெரிய வருத்தம், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச். நோட்டீஸில் போட்டிருந்தார்கள், நடத்தியதோ கடைசி இரண்டு நாள், அதுவும் பேட்டரி மாற்றுவது மட்டும். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் நொடிக்கு 32,768 தடவை அதிர்வது, முள்ளை நகர்த்தும் காயில் நன்றாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பது எல்லாம் நானாகத் தேடிப் படித்தது. கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் குவார்ட்ஸ்தான், ஆகவே இந்த வகுப்பை மட்டும் நம்பிக் கடை போட நினைக்காதீர்கள். தாத்தா வாட்சை நம் கையாலேயே ஓட வைக்க ஆசை என்றால் தாராளமாகச் சேரலாம்.

சேருவதானால் மார்கழி பக்கம் சேருங்கள். பாகம் பறந்துவிடும் என்று ஃபேன் போட விடமாட்டார்கள். நான் சித்திரையில் சேர்ந்து, நெற்றி வியர்வை மெஷினில் சொட்டாமலிருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.