செவிப்பறை ஓட்டைக்கு ஃபேஷியாவா, குருத்தெலும்பா? மலை ஏறி இறங்குபவர்களுக்கு ஓர் அலசல்

கம்பம், போடியிலிருந்து குமுளி, மூணாறு ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போய்வருபவர்கள், காது ஓட்டையை அடைக்கச் சொன்னதும் முதலில் கேட்பது, “காதுக்குப் பின்னால் கீறுவார்களா, கேமரா வழியாகவா?” என்றுதான். வடு தெரியுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் ஓட்டையை எதை வைத்து ஒட்டுகிறார்கள் என்பதே முக்கியமான கேள்வி. அதை முதலில் கேளுங்கள்.

வழக்கமாக ஒட்டப் பயன்படுவது ஃபேஷியா. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் இது. எடுத்து உலர்த்தினால் காகிதம்போல விறைக்கும், அதனால் வெட்டிப் பொருத்துவது எளிது. பிற்பாடு சுருங்கும் என்பதால் ஓட்டையைவிடப் பெரிதாகவே வெட்டுவார்கள். செவிப்பறையே ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன்தான், ஃபேஷியா அந்த மென்மைக்கு நெருங்கி வருகிறது. ஆறியபின் ஓரளவு ஒளி ஊடுருவும், ஆகவே உள்ளே நீர் கோத்திருந்தால் டாக்டர் வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

குருத்தெலும்பைக் காதுத் துளைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் முனையிலிருந்து எடுப்பார்கள். விளிம்பில் 2 மி.மீ. விட்டுவிட்டு எடுத்தால் காதின் தோற்றம் மாறாது. அப்படியே வைத்தால் தடிமன் அதிகம். அதைச் சுமார் 0.5 மி.மீ. அளவுக்குச் சீவி வைத்தால் கேட்கும் திறன் ஃபேஷியா வைத்த காதுக்கு ஏறக்குறைய சமமாக வரும். இதன் பலம், உள்ளே இழுத்தாலும் குழியாது என்பது. பலவீனம், ஒளி ஊடுருவாது என்பது. பின்னால் நீரோ, தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் கட்டியோ இருந்தால் எளிதில் தெரியாது. காது அழுத்தப் பரிசோதனையிலும் கோடு தட்டையாக வரக்கூடும். வேறு ஊர் டாக்டரிடம் போனால், குருத்தெலும்பு வைத்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காது வறண்டு, ஓட்டை நடுவில் சிறியதாக இருந்து, முதல்முறையும் என்றால் ஃபேஷியாவே போதும். பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டை முன்பக்க ஓரத்தில் இருந்தாலோ, செவிப்பறை பெரும்பகுதி போயிருந்தாலோ, ஏற்கெனவே ஒருமுறை ஒட்டி விட்டுப்போயிருந்தாலோ குருத்தெலும்புதான் எங்கள் தேர்வு. முன் ஓரத்தில் ஒட்டுக்குப் பிடிமானம் குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு.

மலைப்பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கிருந்து தேனிக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் திறந்தால் உள்ளேயும் அழுத்தம் சமமாகும். ஒவ்வாமையால் எப்போதும் மூக்கடைப்பு உள்ளவருக்குக் குழாய் சரியாகத் திறக்காது, செவிப்பறை உள்ளே இழுபடும். வாராவாரம் ஏறி இறங்கும் அப்படிப்பட்டவர் ஓட்டை சிறிதானாலும் குருத்தெலும்பு பற்றிக் கேட்க வேண்டும். மூக்குக்கு வைத்தியம் பார்க்காமல் எதை ஒட்டினாலும் வீண்.

நுண்ணோக்கியா, எண்டோஸ்கோப்பா (காதுக்குள் விடும் கேமராக் குழாய்) என்பதில் பெரிய சண்டை இல்லை. நுண்ணோக்கி என்றால் டாக்டரின் இரு கைகளும் வேலை செய்யும். இரத்தம் கசிந்தால் சமாளிப்பது எளிது. எண்டோஸ்கோப்புக்கு ஒரு கை போய்விடும், ஆனால் வளைந்த காதுக்குழாயில் மறைந்திருக்கும் முன் ஓரம் தெளிவாகத் தெரியும், பின்பக்கக் கீறல் தேவைப்படாது, வலியும் குறைவு. உங்கள் டாக்டருக்கு எது கைவந்ததோ அதுவே நல்லது.

எந்த முறையானாலும், ஓட்டையின் விளிம்பை ஊசியால் வட்டமாகச் சுரண்டி எடுத்துவிட்டே ஒட்டு வைப்பார்கள். விளிம்பில் மூடி வளர்ந்த தோல் போகாவிட்டால் ஒட்டாது. ஒட்டுக்குக் கீழேயும் மேலேயும் கரையும் பஞ்சு வைப்பார்கள். முதல் நாட்களில் சுற்றியுள்ள திரவத்தால்தான் ஒட்டு உயிர் பிழைக்கிறது, பிறகே இரத்தக் குழாய்கள் உள்ளே வளரும். அதுவரை அது நகரக் கூடாது. மூக்கை அழுத்திச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், அடக்காதீர்கள். ஏலக்காய் மூட்டை, தண்ணீர்க்குடம் தூக்குவது டாக்டர் சொல்லும்வரை வேண்டாம்.

தையல் 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். மேலே வீடு இருப்பவர்கள் அதுவரை அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் ஏற்ற இறக்கமும் மிச்சம், டிரெஸ்ஸிங்குக்கும் வசதி. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வையுங்கள். எண்ணெய்க் குளியல், பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடுவது, குற்றால அருவி, பம்பையில் முங்குவது எல்லாம் டாக்டர் பார்த்து, ஒட்டு முழுதாகப் பிடித்துவிட்டது என்று சொன்ன பிறகே. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மலையில் சளியும் ஈரமும் விடாது. அவசரமில்லை என்றால் டிசம்பருக்குப் பின் தேதி வாங்குவது நல்லது.

பஞ்சு இருக்கும்வரை காது மந்தமாகவே இருக்கும், இடையிடையே ‘டப்’ என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். நாக்கின் ஒரு பக்கத்தில் சில வாரங்கள் உலோகச் சுவை இருக்கலாம், சுவை நரம்பு நடுக்காது வழியாகவே போகிறது. கேட்கும் திறன் சோதனையை மூன்று மாதம் கழித்து எடுத்து, அறுவைக்கு முன் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். ஓட்டை மூடியும் கேட்கவில்லை என்றால் உள்ளிருக்கும் சிற்றெலும்புகளைப் பார்க்க வேண்டும்.

முகம் ஒருபக்கம் கோணினாலோ, நிற்க முடியாத தலைச்சுற்றலோடு வாந்தி வந்தாலோ, நாற்றமடிக்கும் சீழும் காய்ச்சலும் சேர்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவமனைக்கே கிளம்புங்கள்.