நெருப்பு எறும்பு கொட்டினால்: சுண்ணாம்பா, வினிகரா, ஐஸா?

போன மே மாதம் அம்மா மதுரையிலிருந்து ஹூஸ்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டாவது வாரம், மழை ஓய்ந்த மறுநாள் காலை, கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போனவர் புல்தரையில் பொலபொலவென்று குவிந்து கிடந்த மண்ணை மிதித்துவிட்டார். சில நொடிகள் ஒன்றுமே தெரியவில்லையாம். அப்புறம் கணுக்காலைச் சுற்றி எல்லாம் ஒரே நேரத்தில் சுரீரென்று பற்றி எரிந்திருக்கிறது. ஓடிப்போய்த் தோட்டக்குழாயைத் திறந்து காலில் தண்ணீர் விட்டிருக்கிறார். அதற்கெல்லாம் காலில் ஏறிய நெருப்பு எறும்புகள் அசையவில்லை.

அசையாது. 2017-இல் ஹார்வி புயல் வெள்ளத்தில் இந்த எறும்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தெப்பம்போல மிதந்ததை இந்த ஊரே பார்த்தது. தாடையால் தோலைக் கவ்விப் பிடித்திருக்கும் எறும்பைத் துணியாலோ கையாலோ வேகமாக வழித்துத் தள்ளுவதுதான் வழி. எந்த மருந்தையும் தேடும் முன் செய்ய வேண்டியது இது.

நாம் எப்போதும் ‘எறும்பு கடித்தது’ என்றுதான் சொல்வோம். இது கடிப்பதோடு நிற்பதில்லை. தாடையால் பிடித்துக்கொண்டு வால்முனைக் கொடுக்கால் கொட்டும், கவ்விய இடத்திலேயே உடம்பைத் திருப்பித் திருப்பி மறுபடியும் கொட்டும். அதனால் தடிப்புகள் பிறைவடிவில் வரிசையாக நிற்கும். தேனீ கொடுக்கைத் தோலில் விட்டுவிட்டுப் போகும். இந்த எறும்பு அப்படிக் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, ஆகவே பிடுங்கி எடுக்க எதுவும் இருக்காது. கொசுக்கடி என்று முதலில் குழம்பினாலும், ஒரு நாளுக்குள் தடிப்பின் உச்சியில் வெண்மஞ்சளாக ஒரு கொப்புளம் எழும்பிவிடும். சந்தேகத்தைத் தீர்ப்பது அந்தக் கொப்புளம்தான். புற்றையும் பார்த்து வையுங்கள்: உச்சியில் ஓட்டை இருக்காது, கிளறினால் சிறிதும் பெரிதுமாகச் செம்பழுப்பு எறும்புகள் கொதித்து வருவதுபோல மேலே ஏறும்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். அம்மா கேட்டது சுண்ணாம்பு. பக்கத்து வீட்டம்மா வினிகர் பாட்டிலோடு வந்தார். ஊரிலிருந்து அக்கா போனில் பற்பசை தடவச் சொன்னாள்.

சுண்ணாம்புக்கும் சமையல் சோடாவுக்கும் பின்னால் இருப்பது பள்ளியில் படித்த கணக்கு: எறும்பு செலுத்துவது பார்மிக் அமிலம், அதைக் காரம் முறிக்கும். நம் ஊர் மாந்தோப்பு முசுறுக்கு அந்தக் கணக்கில் ஓரளவு நியாயம் உண்டு. அதற்குக் கொடுக்கு கிடையாது, கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். நெருப்பு எறும்பின் விஷம் வேறு. அதில் 95 சதவீதத்துக்கு மேல் சொலெனாப்சின் வகை ஆல்கலாய்டுகள், அதாவது காரத்தன்மை கொண்ட வேதிப்பொருள்கள், மீதியில் கொஞ்சம் புரதம். எரிச்சலும் கொப்புளமும் ஆல்கலாய்டால் வருபவை, ஒவ்வாமை அந்தப் புரதத்தால் வருவது. ‘அப்படியானால் அமிலம்தானே முறிக்கும்?’ என்று வினிகர்காரர்கள் கேட்பார்கள். விஷம் இருப்பது தோலுக்குள்ளே. மேலே தடவும் சுண்ணாம்பும் வினிகரும் அதைப் போய்ச் சேர்வதில்லை. சுண்ணாம்பு புண்பட்ட தோலை மேலும் புண்ணாக்கிவிடும், ஆகவே அதை வேண்டவே வேண்டாம் என்பேன். வினிகர் பெரிதாகக் கெடுக்காது, பெரிதாக உதவவும் உதவாது. பற்பசையின் குளிர்ச்சி சில நிமிடங்களில் போய்விடும். பிளீச் ஊற்றச் சொல்பவர்களும் இங்கே இருக்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முதல் ஒரு மணி நேரத்துக்கு என் ஓட்டு ஐஸுக்குத்தான். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடியும் ஒற்ற வேண்டும். வீக்கம் அடங்கும், வலியும் மரக்கும். காலை உயர்த்தி வைத்தால் இன்னும் நல்லது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மட்டும் ஐஸை நீண்ட நேரம் வைக்கக் கூடாது.

எரிச்சல் தணிந்ததும் அரிப்பு ஆரம்பிக்கும். அதற்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீமைக் கலமைனைவிட மேலாக நினைக்கிறேன். கலமைன் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது, இருந்தாலும் வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். ஒவ்வாமை மாத்திரையில் இங்கே எல்லாரும் முதலில் எடுப்பது பெனட்ரில், அதாவது டைஃபென்ஹைட்ரமின். வயதானவர்களுக்கு அது தூக்கத்தோடு குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் கொண்டுவரும். அறுபத்தெட்டு வயது அம்மா ராத்திரி எழுந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது? செடிரிசின்தான் கொடுத்தேன், மருந்துக்கடையில் அளவைக் கேட்டுக்கொண்டு. சின்னக் குழந்தைகளுக்கு இந்த மாத்திரை மருந்து எதையும் மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள்.

மேலே சொன்ன எதுவும் ஈடுகொடுக்காத நிலை ஒன்று உண்டு: உடம்பு முழுவதும் பரவும் கடும் ஒவ்வாமை. கொட்டியது காலில், ஆனால் வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு. உதடோ நாக்கோ வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது, வாந்தி, தலைசுற்றல். அப்போது செடிரிசினா பெனட்ரிலா என்று நின்று யோசிக்கவே கூடாது. வேண்டியது எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஊசி, தொடையின் வெளிப்பக்கத்தில், உடனே. கூடவே 911. தமிழ்நாடாக இருந்தால் 108. ஊசி போட்டதும் சரியாகிவிட்டதுபோலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் சில மணி நேரம் கழித்து அது திரும்ப வரலாம். ஒருமுறை இப்படி வந்தவர் ஒவ்வாமை நிபுணரைப் பார்ப்பது அவசியம். நெருப்பு எறும்பின் முழு உடல் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசியாகப் போட்டு உடம்பைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, நல்ல பலனும் தருகிறது.

கடைசியாக, கொப்புளத்தை உடைப்பதா விடுவதா. அம்மாவின் காலில் பதினோரு கொப்புளங்கள். உள்ளே இருப்பது பார்க்கச் சீழ் மாதிரி இருந்தாலும் அதில் கிருமி இல்லை, விஷம் அரித்த திசுதான் அது என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். ராத்திரியில் ஊக்கால் இரண்டைக் குத்திவிட்டிருக்கிறார். “சீழை உள்ளே வெச்சுக்கிட்டு எப்படிம்மா தூங்குறது?” என்றார் காலையில். தொடாமல் விட்ட ஒன்பதும் பத்து நாளில் வற்றிப் பழுப்புப் புள்ளிகளாகிவிட்டன. குத்திய இரண்டும் மூன்றாம் நாளே சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டன. அவற்றுக்கு மருத்துவரைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டியதாயிற்று. தழும்பும் அந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது.