சொந்தப் பாட்டை எங்கே வெளியிடலாம்: ஸ்ட்ரீமிங்கா, பேண்ட்கேம்ப்பா, பாட்காஸ்ட் ஃபீடா?

தானே இசையமைத்து, தானே பதிவு செய்து வெளியிடும் கலைஞர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளைத்தான் யோசிக்கிறார்கள். ஒன்று, ஸ்பாட்டிஃபை போன்ற ஸ்ட்ரீமிங் தளங்கள். இன்னொன்று, பேண்ட்கேம்ப் போன்ற நேரடி விற்பனை. பாட்காஸ்ட்காரர்கள் இருபது வருடங்களுக்கு மேலாகப் பயன்படுத்திவரும் ஆர்எஸ்எஸ் ஃபீடில், அதாவது புதிய பதிவுகளைக் கேட்பவரின் செயலிக்குத் தானாகத் தெரிவிக்கும் இணையக் கோப்பில், பாட்டையும் வெளியிடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. என் மனம் இந்த மூன்றாவது வழியின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் வருமானம் என்று பார்த்தால், இன்றைக்கு அது பேண்ட்கேம்ப்பின் அருகில்கூட வரவில்லை.

ஸ்ட்ரீமிங்கின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கேட்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நேரடியாகப் பாட்டை ஏற்ற முடியாது, இடையில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்குகிறது. சிடி பேபி வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகும் காசு வருமா என்றால், ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு புது விதி: கடந்த 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. எல்லோருடைய சந்தாவையும் ஒன்றாகத் திரட்டி, மொத்தக் கேட்பில் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். அதனால் மாதம் முழுக்க உங்கள் பாட்டை மட்டுமே கேட்ட ரசிகரின் பணமும் பெரிய நட்சத்திரங்களுக்கே அதிகம் போய்ச் சேருகிறது. எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

பேண்ட்கேம்ப் இதற்கு நேர் எதிர். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் 10 சதவீதம். பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. ரசிகர் விரும்பினால் கேட்ட விலைக்கு மேலும் கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கிறார்கள். நூறு ரசிகர்கள் போதும், கையில் காசு பார்க்கலாம். கவலை ஒன்றுதான்: 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் அதை வாங்கியது, 2023-இல் சாங்ட்ரேடர் என்ற இசை உரிம நிறுவனத்தின் கைக்கு மாறியது, அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையிழந்தார்கள். அடுத்த உரிமையாளர் என்ன செய்வார் என்பதில் கலைஞருக்கு எந்தப் பேச்சும் இல்லை.

சரி, ஃபீட் எப்படி வேலை செய்கிறது? அது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது குறிச்சொற்கள் போட்டு எழுதிய உரைக் கோப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டும் ஒரு பதிவு. ஒலிக்கோப்பு எங்கே இருக்கிறது, எத்தனை பைட், என்ன வகை என்று அதில் எழுதியிருக்கும். 320 கேபிபிஎஸ் என்ற உயர்ந்த எம்பி3 தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு 9.6 எம்பி வரும். ஆயிரம் பேர் இறக்கினாலும் 10 ஜிபியைத் தொடாது, சாதாரண ஹோஸ்டிங்கே (கோப்புகளை இணையத்தில் வைத்துத் தரும் சேவை) தாங்கும்.

2020-இல் ஆடம் கர்ரியும் டேவ் ஜோன்ஸும் பாட்காஸ்ட் இண்டெக்ஸ் என்ற திறந்த பாட்காஸ்ட் பட்டியலைத் தொடங்கிய பிறகுதான் இது இசைக்கு ஏற்ற வழியானது. ஃபீடுக்குப் புதிய குறிச்சொற்களைச் சேர்க்க அவர்கள் முன்னெடுத்த பாட்காஸ்டிங் 2.0 முயற்சியில் 'மீடியம்' என்ற குறிச்சொல், இது பேச்சு இல்லை, இசை என்று செயலிக்குச் சொல்கிறது. 'வேல்யூ' என்ற குறிச்சொல்லில் பாடியவருக்கு எவ்வளவு, பாட்டெழுதியவருக்கு எவ்வளவு, டிரம்ஸ் வாசித்தவருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பங்கு எழுதிவிடலாம். கேட்பவர் ஃபவுண்டன் போன்ற செயலியிலிருந்து பிட்காயினை வேகமாக அனுப்ப உதவும் லைட்னிங் வலையமைப்பு வழியாக சடோஷிகளை (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) அனுப்பினால், அந்த நொடியே அது பிரிந்து அவரவர் வாலட்டுக்கு, அதாவது டிஜிட்டல் பணப்பைக்குப் போகிறது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்று பின்னால் சண்டையும் வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. வேறொருவர் தன் நிகழ்ச்சியில் உங்கள் பாட்டை ஒலிபரப்பினால், அந்தப் பாட்டு ஓடும் நிமிடங்களில் வரும் பணத்தில் பெரும்பங்கை உங்கள் ஃபீடுக்குத் திருப்பிவிட அவரால் முடியும். ஒப்பந்தமோ இடைத்தரகரோ இல்லாமல் வானொலி நடத்துவது போன்றது இது. மற்ற இரண்டு வழிகளிலும் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

குறைகளும் சின்னவை அல்ல. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் ஃபீட் முகவரியைக் கையால் சேர்த்துப் பாட்டைக் கேட்கலாம், பணம் அனுப்ப முடியாது. ஸ்பாட்டிஃபையில் முகவரியைச் சேர்க்கவே வழியில்லை. வாலட் திறப்பது புதியவருக்குத் தலைவலி, சடோஷியின் மதிப்பும் ஏறி இறங்கும். அப்புறம், அடுத்தவர் பாட்டைப் பாடி இதில் போடக் கூடாது. உரிமை முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும்.

ஆகவே பாட்டு விற்ற காசில் அடுத்த பதிவைச் செய்ய வேண்டியவர் பேண்ட்கேம்ப்பில் தொடங்கட்டும். பெயர் பரவ வேண்டும் என்றால் ஸ்ட்ரீமிங்கையும் தவிர்க்க முடியாது. ஆனால் எதைச் செய்தாலும் முதல் நாளே ஒரு ஃபீடும் வைத்துக்கொள்ளுங்கள். வேவ்லேக் போன்ற சேவையில் பாட்டை ஏற்றினால் ஃபீடை அதுவே உருவாக்கித் தரும். இன்னும் நல்லது, உங்கள் சொந்த டொமைனில் (உங்கள் பெயரில் பதிவான இணைய முகவரி) ஃபீட் முகவரியை வைப்பது. பிற்பாடு ஹோஸ்டிங்கை மாற்றினாலும் முகவரி மாறாது, சந்தாதாரர்களும் எங்கும் போகமாட்டார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ள அடையாள எண்ணை மட்டும் மாற்றாமல் விடுங்கள், மாற்றினால் பழைய பாட்டு புதியது போல மறுபடி தோன்றக்கூடும்.