‘எந்த வானிலைக்கும் ஏற்ற’ தேநீர் விருந்து செட்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வசந்த காலம் தொடங்கினாலே போனில் தோட்டத்துத் தேநீர் விருந்து உடைகளின் விளம்பரங்கள் வரிசைகட்டும். பூப்போட்ட கவுன், வெளிர் நிறக் கோட், தோளில் ஷால், கையில் கோப்பையோடு சிரிக்கும் பெண். அப்படி ஒரு ஆன்லைன் கடை ‘எந்த வானிலைக்கும் ஏற்ற தேநீர் விருந்து செட்’ என்று விற்றதை நம்பி வாங்கி நன்றாக ஏமாந்தேன். புகார் இன்னும் வங்கியில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இருக்காது. அதே படங்களை அப்படியே வைத்து வேறு வேறு பெயர்களில் கடை விரித்திருக்கிறார்கள். அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

செட்டில் நான்கு உருப்படிகள்: லினன் கவுன், கேபர்டீன் துணியில் வாட்டர்ப்ரூஃப் ட்ரெஞ்ச் கோட், பஷ்மினா கம்பளி ஷால், புல்தரையில் புதையாத ஹீல்ஸ். இதெல்லாம் விற்பனைப் பக்கத்தில் இருந்தது. பார்சலில் இருந்தது வேறு.

விருந்து தோழியின் தோட்டத்தில். வசந்த காலத்து வானத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிவிடும், ஆனால் மேலே இருக்கும் காற்றில் குளிர்காலக் குளிர் இன்னும் போயிருக்காது. தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்று மேலே போய் மேகமாகத் திரண்டு, பெரும்பாலும் பிற்பகலில்தான் சடசடவென்று கொட்டும். விருந்துக்கு அழைப்பதும் சரியாக அந்த மூன்று, நான்கு மணிக்குத்தான். மழை ஓய்ந்ததும் சட்டென்று குளிரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி சுள்ளென்று வெயில். அன்றும் இந்த மூன்றும் ஒன்று விடாமல் நடந்தது. இப்படி ஒரு பிற்பகலுக்காகவே தயாரித்தது என்றுதான் அந்த செட்டை விற்றிருந்தார்கள்.

முதலில் கவுன். வெயிலில் போய் உட்கார்ந்ததுமே முதுகோடு ஒட்டிக்கொண்டது. லினன் அப்படிச் செய்யாது. சாதாரணமாகவே காற்றிலிருக்கும் ஈரத்தில் தன் எடையில் சுமார் 12 சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இழை அது. வியர்வையை வாங்கிக்கொண்டு வேகமாக உலர்ந்துவிடும். பாலியஸ்டரில் அந்தக் கணக்கு வெறும் 0.4 சதவீதம். வீட்டுக்கு வந்து பக்கவாட்டுத் தையலைப் புரட்டிப் பார்த்தால், மடிப்புக்குள் மறைத்துத் தைத்த லேபிளில் பொடி எழுத்தில் ‘பாலியஸ்டர் 100%’. விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே பெரிதாக ‘லினன் கவுன்’. கீழே, அளவு அட்டவணையையும் தாண்டி யாரும் போகாத மூலையில், ‘லினன் ஃபீல் துணி’. நூலில் அங்கங்கே முடிச்சு வருவதுபோல நெய்துவிட்டால் பாலியஸ்டரும் படத்தில் லினனாகத் தெரியும். ஒன்று சொல்கிறேன்: கசங்கவே கசங்காத லினன் என்று யாராவது விற்றால் உடனே சந்தேகப்படுங்கள். லினன் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். அதுதான் அதன் அடையாளம், பலருக்கு அதுதான் அழகும்கூட.

உள்ளே லைனிங்கும் பாலியஸ்டர்தான். இரண்டும் உரசி உரசிக் காலைச் சுற்றிக்கொண்டது. காற்றடித்தாலோ ஓரம் மேலே எழும்பியது. (எலிசபெத் ராணியின் உடைகளின் கீழ்மடிப்பில் சின்னச் சின்ன எடைகளை வைத்துத் தைப்பார்களாம். வெளியில் நடக்கும் விழாக்களில் அவருடைய பாவாடை ஏன் அடங்கியே இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.)

இனி கோட். என் கோபத்தில் முக்கால்வாசி இதன்மேல்தான்.

முதல் தூறலில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகக் காட்டினேன். தூறல் மழையானதும் தோள் தையல் வழியாக உள்ளே இறங்க ஆரம்பித்தது. அப்புறம் முழங்கை, அப்புறம் ஜிப் ஓரம். கழற்றிப் பார்த்தால் வெளியே நனைந்த அளவுக்கு உள்ளேயும் நனைந்திருந்தது.

தண்ணீரை உருட்டிவிடுவது ஒரு மேல்பூச்சு, அவ்வளவுதான். கொஞ்ச நேரத் தூறலுக்குத் தாக்குப்பிடிக்கும். தேயத் தேய, துவைக்கத் துவைக்கக் குறைந்துகொண்டே போகும். வாட்டர்ப்ரூஃப் என்பது வேறு விஷயம், அதை அளந்து சொல்ல முடியும். துணியின் மேல் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், எத்தனை மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தில் கசிகிறது என்று பார்ப்பார்கள். ஐஎஸ்ஓ 811 என்ற சோதனை அதற்கானது. நல்ல மழைக்கோட்டுகளில் 5,000 மி.மீ., 10,000 மி.மீ. என்று போட்டிருப்பது அந்தக் கணக்கைத்தான். இன்னொன்றும் உண்டு. துணி எவ்வளவு தாங்கினாலும் ஊசி போய்வந்த இடமெல்லாம் துளைதான். அதனால் உண்மையான மழைக்கோட்டில் தையல்களின் உட்பக்கம் முழுக்க டேப் ஒட்டி அடைத்திருப்பார்கள். என் கோட்டில் டேப்பும் இல்லை, விற்பனைப் பக்கத்தில் எந்த எண்ணும் இல்லை. முழு லைனிங் போட்டுத் தைத்திருந்ததால் தையலின் உட்பக்கத்தைப் பார்க்கவே வழியில்லை. லைனிங்கைக் கொஞ்சம் பிரித்துத்தான் கண்டுபிடித்தேன்.

கேபர்டீன் என்றார்களே, அதுவும் பொய். தாமஸ் பர்பரி 1879இல் உருவாக்கிய கேபர்டீன், நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர் ஒட்டாத பதம் கொடுத்து, நெருக்கமாகச் சாய்வு நெசவில் நெய்த துணி. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் நல்ல கேபர்டீனிலும் அந்தச் சாய்கோடுகள் கண்ணுக்கே தெரியும், தொட்டால் இறுக்கமாக இருக்கும். எனக்கு வந்ததில் சாய்கோடு ஒன்றுகூட இல்லை. உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் விரல்களின் நிழல் தெரிந்தது. அசல் கேபர்டீனே தூறலுக்குத்தான் நல்லது, அடைமழைக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்த விற்பனையாளர் அதை மறைக்கமாட்டார்.

ஷால் கதை கேட்டால் சிரிப்பீர்கள். அடர் ஊதா நிறம். நனைந்ததும் தோளில் பாரமாகத் தொங்கியது, கதகதப்பு துளியும் இல்லை. கம்பளியாக இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்காது. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கினாலும் கம்பளி தொட்டால் ஈரமாகவே தெரியாது. அதனால்தான் மழை விட்ட குளிரில் மெல்லிய கம்பளி அவ்வளவு இதமாக இருக்கும். சரி, கனக்கிறதே என்று ஷாலைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தேன். எடுக்கும்போது தோழியின் வெள்ளைக் காட்டன் மேசைவிரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கறை. இன்றுவரை போகவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

தையல் தொழிலில் ஊறிய என் சித்தியிடம் ஷாலைக் காட்டினேன். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கொளுத்தினாள். பரபரவென்று எரிந்து காகிதம் கருகிய வாசனை வந்தது, மெல்லிய சாம்பல் உதிர்ந்தது.

“ஏண்டி, இதக் கம்பளின்னு எவன் சொன்னான்? கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரணும். தீய எடுத்தாத் தானா அணையணும். இது மரக்கூழ்ல செய்யுற விஸ்கோஸ்.”

“பஷ்மினான்னு போட்டிருந்தாங்க சித்தி.”

“பஷ்மினா ஆட்டோட அடிமுடி. இதுல ஆடு எங்க இருக்கு?”

கவுன் நூலையும் கொளுத்திக் காட்டினாள். அது உருகிச் சுருங்கிக் கறுப்புக் குண்டுமணியாக இறுகிவிட்டது. பாலியஸ்டர் என்று லேபிள் சொன்னது உண்மைதான். அந்தப் பார்சலில் உண்மை பேசியது அது ஒன்றுதான். சாயம் போகுமா என்று பார்க்கவும் சித்தி ஒரு வழி சொன்னாள். வெள்ளைத் துணியை ஈரமாக்கி, உடையின் உள்மடிப்பில் பத்துப் பதினைந்து தடவை தேய்த்துப் பார்க்க வேண்டும். நிறம் ஏறினால் மழைக்கு அந்தப் பொருள் ஆகாது. பார்சல் வந்த அன்றே, டேக்கைக் கழற்றாமலே இதைச் செய்துவிடலாம்.

ஹீல்ஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊசிக் குதிகால். குதிகாலில் மாட்டும் அகல மூடி கூடவே வரும் என்றார்கள், வரவில்லை. ஈரப் புல்லில் ஒவ்வோர் அடிக்கும் புதைந்தது.

ரிட்டர்ன் கேட்டுச் சாட்டில் நடந்த பேச்சின் சாரம் இது:

“மேடம், அணிந்த பொருளை நாங்கள் திரும்ப எடுப்பதில்லை.”

“அணியாமல் மழையில் நனைகிறதா என்று எப்படித் தெரியும்?”

“புரிகிறது மேடம். ஆனால் எங்கள் விதிப்படி வானிலையால் ஏற்படும் சேதத்துக்கு ரீஃபண்ட் கிடையாது.”

எந்த வானிலைக்கும் ஏற்றது என்று பெயர் வைத்து விற்ற உடைக்குத்தான் இந்த விதி! போய்ப் பார்த்தால் உண்மையிலேயே அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள், ரிட்டர்ன் பக்கத்தின் அடிமட்டத்தில். ‘லினன் இல்லையே’ என்றால் ‘லினன் ஃபீல் என்று போட்டிருக்கிறோம் மேடம்’. ‘பஷ்மினா இல்லையே’ என்றால் ‘அது நிறத்தின் பெயர் மேடம்’. இந்தப் பதிலை யோசித்தவரைப் பார்க்க எனக்கு ஆசை. கடைசியில் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். அதை ஏற்றுக்கொள்ள ‘சரி’ பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தாதீர்கள். அழுத்தினால் பிரச்சினை தீர்ந்தது என்று பதிவாகும் என அதற்குக் கீழேயே இருந்தது.

விளம்பரப் படத்தை வைத்து இணையத்தில் தேடினேன். அதே பெண், அதே கோப்பை, அதே கோட். ஒரு கடையில் அது மழைக்கோட்டு, இன்னொன்றில் வெறும் ஃபேஷன் ஜாக்கெட். பாராட்டுக் கருத்துகளில் ஒருவர்கூட மழையில் போட்டதாக எழுதவில்லை. எல்லாம் ‘அழகு’, ‘சீக்கிரம் வந்தது’ வகை.

அதே விருந்தில் நனையாமல் இருந்தவர்களும் உண்டு. தோழியின் அண்ணி ஒருவரைச் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் வரை வரும் காட்டன் கவுன், நெருக்கமான சின்னப் பூக்கள். அந்த டிசைனில் மழைத்துளி விழுந்த தடம் தெரியவே இல்லை. வெளிர் சாம்பல், வான்நீலத்தில் ஒற்றை நிறமாக வந்தவர்கள் மேல் ஒவ்வொரு துளியும் தெரிந்தது. பட்டுப் போட்டிருந்தவருக்கு உலர்ந்த பிறகும் வட்டம் வட்டமாகத் தடம் நின்றது. அண்ணி மேலே மெல்லிய மெரினோ கம்பளிக் கார்டிகன் போட்டிருந்தார். கைப்பையில் கையளவு மடித்த மழை ஜாக்கெட், தையலில் டேப் ஒட்டியது, தலைக்குத் தொப்பியும் சேர்ந்தது. தொப்பி ஏன் முக்கியம் என்றால், ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் சாஸர், குடையை எந்தக் கையில் பிடிப்பது? காலில் அகலக் குதிகால் ஷூ. எதுவும் ‘தேநீர் விருந்து செட்’ இல்லை, தனித்தனியாகச் சேர்த்தது. மழை வந்தபோது சத்தமில்லாமல் ஜாக்கெட்டை மாட்டினார், நின்றதும் கழற்றி மடித்தார். அங்கே அவர்தான் அழகாக இருந்தார்.

கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் முறையிட்டேன். ‘விவரித்தபடி பொருள் இல்லை’ என்ற பிரிவில் போடச் சொன்னார்கள். லேபிளின் படம், பிரித்த தையலின் படம், சாட் உரையாடல் எல்லாவற்றையும் கேட்டார்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் கேட்டார்கள். நல்லவேளை, ஆர்டர் போட்ட அன்று தோழிக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் போனில் இருந்தது. ஏனென்றால் நான் புகார் சொன்ன பிறகு அந்தப் பக்கத்தில் ‘வாட்டர்ப்ரூஃப்’ காணாமல் போய், ‘மழைக்கால ஸ்டைல்’ வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதே செட்டை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் பொருளைத் துவைக்காதீர்கள், டேக்கை வெட்டாதீர்கள். கார்டு முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, அது வங்கிக்கு வங்கி மாறும். கடைக்காரர் ‘இதோ பார்க்கிறோம் மேடம்’ என்று இழுக்கும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். அதனால் அவர்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் வங்கிக்கு இன்றே எழுதுங்கள்.