பெரியமேட்டுல செஞ்சி வாங்குன ரோமன் நாலு கொம்பு சேணம்: ஆறு மாசம் ஓட்டிட்டு எழுதற ரிவியூ

ஆறு மாசம் ஓட்டிட்டு அப்புறம்தான் எழுதணும்னு வச்சிருந்தேன், இப்போ எழுதறேன். பெரியமேட்டுல ஒரு தோல் பட்டறையில ஆர்டர் குடுத்து ரோமானிய குதிரைப்படை காலத்து நாலு கொம்பு சேணம் ஒன்னு செஞ்சி வாங்கினேன். கைல வாங்குன அன்னிக்கே எழுதியிருந்தா அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன், ரெண்டாவது வாரம் எழுதியிருந்தா ரெண்டுக்கு மேல போயிருக்காது, இப்போ நாலரை. பட்டறை பேர போட வேணாம்னு அத நடத்தற பாயே சொல்லிட்டாரு, ஆர்டர் குவிஞ்சா செய்ய ஆள் இல்லையாம், அதனால பேர் இல்லாமலே எழுதறேன்.

எங்கள பத்தி சுருக்கமா. தண்டையார்பேட்டை, மணலி பக்கம் நாங்க நாலு பேரு, ரெண்டு குதிரை. கல்யாண ஊர்வலத்துக்கு குதிரை விடற அண்ணன் ஒருத்தர் கூட பங்கு போட்டு வச்சிருக்கோம், ஞாயித்துக்கெழம விடியக்காலைல மணலி புதுநகர் தாண்டி ஒரு காலி மைதானத்துல, ட்ரெய்லர் லாரிங்க சத்தம் ஆரம்பிக்கறதுக்குள்ள ஓட்டிட்டு வந்துருவோம். சும்மா சவாரி இல்ல, ரோமானிய குதிரைப்படைக்காரங்க எப்டி பயிற்சி பண்ணாங்களோ அப்டியே பண்ணிப் பாக்கறது. 2017ல இங்கிலாந்துல கார்லைல் ஊர்ல 30 குதிரைய எறக்கி, அதாவது ரோமானியர் கணக்குல ஒரு ‘டர்மா’ங்கற குதிரைப்படைப் பிரிவு, இத பண்ணிக் காட்டுனாங்க, அந்த வீடியோ பாத்ததுல புடிச்ச ஆசை இது. எங்களுக்கு பாடம்னா அர்ரியன்னு ஒருத்தர், இப்போ துருக்கியில இருக்கற கப்படோசியாவுக்கு ரோமானிய கவர்னரா இருந்தவரு, கி.பி. 136, 137 வாக்குல எழுதி வச்சது. ரெண்டு அணியா பிரிஞ்சி, மூஞ்சிய மூடுற ஹெல்மெட்டும் அதுல மஞ்ச குஞ்சமுமா, இரும்பு முனை இல்லாத ஈட்டிய எப்டி எறியணும், எப்டி கேடயத்துல வாங்கணும், எந்தப் பக்கம் திரும்பணும்னு வரிசையா சொல்லியிருக்காரு. எறியறது கூட பரவால்ல, குதிரை ஓடிகினே இருக்கும்போது இடுப்ப திருப்பி பின்னாடி எறியணும், அதான் கஷ்டம்.

ஈட்டி மூங்கில்ல செஞ்சிட்டோம், கேடயம் ப்ளைவுட்டு. சேணம்தான் மாட்டிக்கிச்சு.

ஏன்னா அந்த காலத்துல ரோமானியருக்கு அங்கவடி, அதாவது சேணத்துலேர்ந்து தொங்குற கால் வெக்கற வளையம், கெடையாது. ஐரோப்பா பக்கம் அங்கவடி போனதே 6, 7ஆம் நூற்றாண்டுல அவார்ங்கற நாடோடி குதிரைக்காரங்க கெழக்குலேர்ந்து வந்த காலத்துலதான். அங்கவடி இல்லாதவன் குதிரை மேல எப்டி நின்னு சண்ட போட்டிருப்பான், கீழ விழுந்துருவான்னு ரொம்ப நாள் பேசிகினு இருந்தாங்க. 1980கள்ல பீட்டர் கான்னலின்னு ஒரு பிரிட்டிஷ்காரர், படம் வரைஞ்சவரு, ஆராய்ச்சியும் பண்ணவரு, சேணத்த தானே செஞ்சி ஓட்டிப் பாத்துட்டாரு. நெதர்லாந்துல வால்கன்பர்க்ல மண்ணுக்குள்ள கெடச்ச சேணத்தோட தோல் உறை, ஸ்காட்லாந்துல நியூஸ்டெட் கோட்டையில 1905லேர்ந்து 1910 வரைக்கும் தோண்டுனப்போ கெடச்ச வெண்கலத் தகடுங்க, கல்லறைக் கல்லுல செதுக்கியிருக்கற குதிரைவீரன் உருவம், இதெல்லாம் சேத்து வச்சி பாத்தா அந்த தகடு சேணத்தோட கொம்புக்குள்ள வெக்கறதுன்னு புரியுது. முன்னாடி ரெண்டு கொம்பு தொடை மேல சாஞ்சி வரும், பின்னாடி ரெண்டு கொம்பு இடுப்புக்கு கீழ ரெண்டு பக்கமும் புடிச்சிக்கும்.

நாங்க மொதல்ல கான்பூர் சேணத்துல அங்கவடிய கழட்டிட்டு ஓட்டிப் பாத்தோம். நல்ல சேணம்தான், ஆனா அது அங்கவடிய நம்பி செஞ்சது, திரும்பி எறிஞ்சா உக்காந்த எடம் வழுக்குது, முட்டிய இறுக்கி இறுக்கி மறுநாள் மாடிப்படி ஏற முடியாது.

அப்புறம்தான் பெரியமேடு. செருப்பு, பெல்ட், பேக்குக்கு தோல் எடுக்கற கடைங்க வரிசையா இருக்கற ஏரியா, வெட்னரி காலேஜ் வேப்பேரியில பக்கத்துலயே இருக்கறதால எங்க குதிரை விஷயமா அடிக்கடி போற ரூட்டு. ஒரு கடையில விசாரிச்சி இன்னொரு கடை, அங்கேர்ந்து ஒரு சந்து, சந்துக்குள்ள மாடியில இந்த பட்டறை. பாய்க்கு அறுபது வயசு இருக்கும், அவங்க அப்பா ஜட்கா வண்டி குதிரைக்கு வார் தெச்சவராம். நான் வால்கன்பர்க் தோலோட போட்டோவ பெருசா பிரிண்ட் எடுத்துகினு போயிருந்தேன். கண்ணாடிய கழட்டிட்டு மூக்குகிட்ட வச்சி பாத்தாரு, ரொம்ப நேரம் பேசல, அப்புறம் ஒரு ஓரத்துல வெரல வச்சி, “தம்பி, இங்க தோலு இழுபட்டு தேஞ்சிருக்கு பாருங்க, உள்ள கட்டை இல்லாம இந்த எடத்துல இப்டி தேயாது”ன்னாரு. எனக்கு புல்லரிச்சிருச்சி. உள்ள மரச்சட்டம் இருந்துச்சின்னு கான்னலி சொன்னதுக்கு அவர் காட்டுன காரணத்துல இதுவும் ஒன்னு, நான் கான்னலி பேரையே பாய்கிட்ட எடுக்கல. தோல் ஆராய்ச்சி பண்றவங்கள்ல இன்னொரு தரப்பு, சட்டமே கெடையாது, தோலுக்குள்ள அடைச்சி தெச்ச மெத்தைதான்னு சொல்றாங்க, அந்த சண்ட இன்னும் தீரல. நாங்க சட்டம்னு முடிவு பண்ணிட்டோம்.

தோல் விஷயத்துல பாய் கறார். க்ரோமியம் உப்புல பதம் பண்ண க்ரோம் தோல் வேணாம், பட்டை போட்டு பதம் பண்ண தோல்தான்னு அவரே சொன்னாரு. நம்ம பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு பதம் பண்ற பழக்கம் ரொம்ப பழசு. க்ரோம் வந்தது 19ஆம் நூற்றாண்டுல, ரோமானியரும் மரப்பட்டையிலதான் பதம் பண்ணாங்க, அதனால எங்க வேலைக்கு இதான் சரி. வாருக்கெல்லாம் எருமைத் தோல், உறைக்கு ஆட்டுத் தோல், கொம்பு வளைவுல சுருக்கம் விழாம இழுத்துப் போட ஆட்டுத் தோல்தான் கேக்கும்னாரு. நனைச்சி, இழுத்து, ஆணி அடிச்சி ரெண்டு நாள் காய வச்சி, அப்புறம் மெழுகு நூல்ல ரெட்டை ஊசித் தையல். ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மறு பக்கம் புடிச்சிகினு இருக்கும். ஆறு மாசத்துல ஒரு தையல் விடல, இத அழுத்திச் சொல்றேன்.

சட்டம் அவர்கிட்ட இல்ல, காசிமேட்டுல படகு வேலை பாக்கற ஆசாரி ஒருத்தர புடிச்சி குடுத்தாரு. வளைஞ்ச கட்டை செதுக்கறது அவருக்கு தெனப்படி வேலை. கொம்புக்குள்ள வெக்கற தகடு வெண்கலத்துக்கு பதிலா பித்தளையில போட்டோம்.

இப்போ கொறை. குதிரை முதுகு அளவ ஒரே எடத்துல எடுத்துட்டு போயிட்டாங்க, தோள் பக்கம் மட்டும். முதுகு முழுக்க ஒரே மாதிரி இருக்காதுல்ல, நடுவுல எறங்கும், விலா பக்கம் அகலும். நானும் அப்போ வாய தொறந்து சொல்லல. ரெண்டாவது ஞாயிறு ட்ராட் (துள்ளு நடை) அடிச்சிட்டு சேணத்த எறக்குனா, பட்டு (எங்க பொட்டைக் குதிரை, செவலை, 14 கை உயரம், ஒரு கைன்னா நாலு இஞ்சு) முதுகு பூரா வேர்வையில நனைஞ்சிருக்கு, தோளுக்கு பின்னாடி ரெண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மயிரு காஞ்சி கெடக்கு. குதிரை வெச்சிருக்கறவங்களுக்கு தெரியும், வேர்த்த முதுகுல காஞ்ச எடம் இருந்தா அங்க சேணம் அழுத்துதுன்னு அர்த்தம். மூனாம் நாள் வீங்கிருச்சி, கை வெச்சா ஒதுங்குது. மூனு வாரம் சவாரி இல்ல. அந்த மூனு வாரமும் எனக்கு சோறு எறங்கல, அது வாயில்லாத ஜீவன்.

போன் பண்ணி சொன்னேன். வேற ஆளா இருந்தா குதிரைய கொற சொல்லியிருப்பாங்க. பாய் டிவிஎஸ் எக்ஸ்எல்ல பெரியமேட்டுலேர்ந்து மணலி புதுநகருக்கே வந்துட்டாரு. வீக்கம் வடிஞ்சிருச்சான்னு மொதல்ல பாத்தாரு, அப்புறம் பக்கத்துல நின்ன இன்னொரு குதிரை மேல சேணத்த வச்சி என்ன ஏறி உக்கார சொல்லிட்டு, அவர் கைய சட்டத்துக்கு அடியில விட்டாரு. மூஞ்சி சுருங்கிருச்சி. “எறங்குங்க தம்பி, என் கையே நசுங்குது”ன்னாரு. அங்கயே வளையற கம்பிய முதுகுல மூனு எடத்துல படிய வச்சி வளைச்சி, அட்டையில கோடு போட்டு எடுத்துகினு போனாரு. உறைய பிரிச்சி, சட்டத்த ஆசாரிகிட்ட மறுபடி செதுக்கி, திரும்ப தெச்சி குடுத்தாரு, அஞ்சு பைசா வாங்கல. கீழ போட கனமான கம்பளி மெத்தையும் அப்போதான் சேத்தோம். அதுக்கப்புறம் ஒரு நாள் கூட காஞ்ச எடம் பாக்கல.

ஓட்டுனா எப்டி இருக்கு? அதுக்குதான் இவ்ளோ பாடு. கேண்டர்ல (மிதமான பாய்ச்சல்) போயிகினு இருக்கும்போது உடம்ப முழுசா வலது பக்கம் திருப்பி, பின்னாடி எறிஞ்சேன், எடது தொடை மேல முன் கொம்பு வந்து அணைச்சிகிச்சி, பின்னாடி கொம்பு இடுப்ப தாங்கிருச்சி. நான் எதையும் இறுக்கிப் புடிக்கல, அதுவா புடிச்சிது. பட்டு ஒரு தடவ ப்ளாஸ்டிக் கவர பாத்து மெரண்டு சடார்னு ஒதுங்குனா, சாதா சேணத்துல நான் அன்னிக்கு மண்ணுலதான், இதுல உக்காந்த எடத்துலயே இருந்தேன். படிச்சப்போ நம்பாதத அந்த நிமிஷம் நம்புனேன். அங்கவடி இல்லாம அவங்க எப்டி அவ்ளோ பெரிய ராஜ்ஜியத்தோட எல்லைய காத்தாங்கன்னு என் தொடைக்கு தெரிஞ்சிது.

ஏறறதுதான் பெரிய வேலை. காலு வெக்க எடம் இல்ல, தாவணும், தாவும்போது கொம்பு குறுக்க நிக்கும். ரோமானியப் படையில புதுசா சேந்தவங்கள மரக்குதிரை மேல தாவி தாவி பழக்குவாங்க, நாங்களும் ரெண்டு ட்ரம்மு மேல பலகை கட்டி அது மேல சட்டத்த வச்சி பழகுனோம். கவசம் போட்டுகினு ஓடற குதிரை மேலயே தாவி ஏறுனாங்கன்னு அர்ரியன் எழுதியிருக்காரு, எங்கள்ல ஒருத்தருக்கும் அது இன்னும் வரல.

மத்த சில்லற விஷயம். மொத மாசம் முன் கொம்பு தொடையில கன்னிப்போக வெக்கும், மொத்தமான பேன்ட் போடுங்க. நம்ம ஊரு கடல் காத்துக்கு பட்டைத் தோல் பூஞ்சை புடிக்கும், மழைக்காலத்துல வாரம் ரெண்டு தரம் தொடைச்சி எண்ணெய் போடணும், பாலித்தீன் கவருல கட்டி வெச்சீங்கனா போச்சு. கொம்பு அடியில பித்தளை களிம்பு லேசா தோல்ல பச்சையா எறங்கியிருக்கு, தகடுக்கு மேல மெழுகு துணி சுத்தச் சொல்லுங்க. வால் வார் (சேணம் முன்னாடி நகராம வாலுக்கு அடியில போற வார்) தடிமனா போட்டுட்டாரு, அதுக்குதான் அரை ஸ்டார் கொறைச்சேன், இன்னும் மாத்தல. மூனு வாரம்னு சொன்னது ஏழு வாரம் ஆச்சு. எல்லாம் சேத்து, மார்பு வார், வயித்து வார், கம்பளியோட 42,000 ரூபா. வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கலாம்னு விசாரிச்சப்போ அந்த வெல நமக்கு கட்டவே கட்டாது, அதோட உங்க குதிரை முதுக பாக்காம செஞ்சி அனுப்புவாங்க, பட்டுக்கு நடந்தது இன்னொரு குதிரைக்கு நடக்கும்.

ரெண்டாவது குதிரைக்கும் இப்போ அவர்கிட்டயே ஆர்டர் குடுத்தாச்சு. இந்த தடவ அளவு நாங்களே எடுத்துகினு போனோம், தோளுக்கு பின்னாடி ஒன்னு, நடு முதுகுல ஒன்னு, கடைசி விலாகிட்ட ஒன்னு. நீங்க போறதா இருந்தா அதே மாதிரி மூனு அட்டை வெட்டிகினு போங்க, குதிரைய பக்கவாட்டுல நிக்க வச்சி ஒரு போட்டோவும். வெள்ளிக்கெழம மதியம் தொழுகைக்கு போயிருவாரு, சாயந்தரம் நாலு மணிக்கு மேல போனீங்கனா டீ சொல்லி உக்கார வச்சி நிதானமா பேசுவாரு.